தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம்

அமலன் குளியலறைக்குள் போய் நான்கு நிமிடம் ஆகிறது. நான்கு நிமிடம் ஒன்றும் பெரிய நேரமில்லை. சாப்பாட்டு இடைவேளையில் யாராக இருந்தாலும் நான்கு நிமிடம் உள்ளே இருப்பார்கள், அதிலும் எங்கள் யூனிட் சாம்பாரைச் சாப்பிட்டவர்கள் அதற்கு மேலும் இருப்பார்கள், அதையெல்லாம் நான் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் வைத்திருக்கிறேன். இரண்டு பத்துக்குப் போனார். கையில் துண்டு இல்லை, போன் இல்லை, சட்டைப்பையில் மட்டும் பேனா மாதிரி ஏதோ நீளமாகத் துருத்திக்கொண்டிருந்தது. பேனாவை எதற்குக் குளியலறைக்கு எடுத்துப்போக வேண்டும். அது பேனாவாக இல்லாமலும் இருக்கலாம். பேனாவாக இல்லாவிட்டால் என்ன என்பதை யோசிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன், நினைத்த மாத்திரத்தில் யோசித்துவிட்டேன். குழாய் திறந்திருக்கிறது. வாளியில் விழுகிற சத்தம் இல்லை, தரையில் விழுகிற சத்தம். வாளியை நிரப்பாமல் வெறும் தரையில் எதற்குத் தண்ணீரை விட வேண்டும், வேறொரு சத்தத்தை மறைப்பதற்கு என்றால் தவிர. நான் இந்தப் படத்தில் கன்டினியுட்டி பார்க்கிறவள். ஒரு ஷாட்டில் மேல் பொத்தான் திறந்திருந்தால் அடுத்த ஷாட்டிலும் திறந்திருக்க வேண்டும், டம்ளரில் டீ பாதி இருந்தால் பாதியே இருக்க வேண்டும், நடுவில் மூன்று மணிநேரம் போயிருந்தாலும் போகாத மாதிரி இருக்க வேண்டும். அதற்காகத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். எது மாறியது என்று பார்ப்பதற்கு. பார்த்துப் பார்த்து, மாறாததும் மாறியது போலத் தெரிய ஆரம்பித்துவிட்டதோ என்னவோ.

அயனாவரத்தில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் மாடி இது. பத்தொன்பது நாளாக இங்கேதான் இருக்கிறோம், இன்று கடைசி நாள். கூடத்து ஜன்னலில் கறுப்புத் துணி கட்டி விளக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஏதோ ஸ்டாண்டை இழுக்கிற சத்தம் கேட்கிறது. நடையின் கோடியில் குளியலறை, அதற்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் நான், மடியில் ஒவ்வொரு ஷாட்டின் படமும் இருக்கிற டேப். படத்தில் துரை என்று ஒரு துறைமுகத்துக் கிளார்க், ரெஜினா என்று ஒரு நர்சிங் மாணவி, நடுவில் வலி மாத்திரை. துரை அதை ஊசியில் ஏற்றிக்கொள்ள ஆரம்பிக்கிறான், ரெஜினா விட்டுப் போகிறாள், அல்லது அவன்தான் அவளை விட்டுப் போகிறான், யார் யாரை விட்டுப் போனது என்று தெரியாமல் இருப்பதுதான் படம் என்பார் இயக்குநர் இளம்பரிதி. துரையாக நடிக்கிற அமலன் நிஜத்திலும் அதில் விழுந்து எழுந்தவர். காசிமேட்டுக்காரர். நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தார், ஆறு வருடம் அப்படியே போனது, மறுவாழ்வு இல்லத்தில் எட்டு மாதம் இருந்துவிட்டு வெளியே வந்து பதினான்கு மாதம் ஆகிறது. முதல் நாள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஸ்கிரிப்ட் படிக்கும்போது அவரே சொன்னார், தன் ரத்த வகையைச் சொல்கிற மாதிரி. எல்லோரும் தலையாட்டினோம். அன்று மாலையே மேனேஜர் தாமு அண்ணன் முதலுதவிப் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். அதையும் நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, நல்லதுதான் என்று நினைத்தேன்.

கையில்தான் முதலில் பிடித்தேன். இடது முன்கையில் மூன்று ஊசிப் புள்ளிகள், ஒன்றைச் சுற்றிக் கொஞ்சம் ஊதா. மேக்கப்காரர் குணாளன் காலையில் வந்து போட்டுவிட்டுப் பத்து மணிக்கு வேறு ஷூட்டிங்குக்குப் போய்விடுவார், நாள் முழுக்க இருக்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. போட்டதும் நான் படம் எடுத்துக்கொள்வேன். ஆறாம் நாள் மத்தியானம் டேக்குக்கு முன்னால் டேபையும் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தபோது நடுப்புள்ளி நகர்ந்திருந்தது. ஒரு அரிசி நீளம்தான். வியர்வையில் கலைந்து நானே தப்பாகப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். எட்டாம் நாள் மறுபடி. அதற்கப்புறம் புள்ளி போடுகிற ஒவ்வொரு நாளும், காலையில் ஒரு இடம், சாப்பாட்டுக்கு அப்புறம் வேறு இடம். வரைந்த புள்ளி நகராது. புதிதாக வந்தால்தான் வேறு இடத்தில் இருக்கும். ஒரு நிஜ ஊசித் தழும்பை ஒளித்துவைக்க இந்த ஊரிலேயே நல்ல இடம் எதுவென்றால், நாலு பேர் பார்க்கிற மாதிரி வரைந்த தழும்புகளுக்கு நடுவில்தான். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சந்தேகப்பட்டவர்களிடம், மேக்கப் என்று சொல்லிவிடலாம். இது எனக்குத் தோன்றிய அன்று சாப்பாடு இறங்கவில்லை, இவ்வளவு கெட்டிக்காரத்தனமான கெட்ட யோசனை எனக்கே எப்படி வந்தது என்று.

“என்ன சுகி, பாத்ரூமுக்கும் கன்டினியுட்டியா?” தாமு அண்ணன், காலி சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போகிறார். “உள்ள போகும்போது வலது காலு, வெளிய வரும்போது எடது காலுன்னு எழுதிக்கோ. அப்புறம் எடிட்டர் வையப்போறாரு.” நான் சிரித்தேன். சிரித்தது சரியாக இருந்ததா என்று தெரியவில்லை. அவரும் போகிற போக்கில் அந்தக் கதவை ஒரு தடவை பார்த்தார், பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி தட்டுகளைச் சரிசெய்தார். அவருக்கும் தெரியுமா. தெரிந்தால் ஏன் சொல்லவில்லை. முந்தாநாள் பைக்கில் இரண்டு பேர் வந்து கீழே நின்றார்கள், அமலன் இறங்கிப்போய்ப் பத்து நிமிடம் பேசிவிட்டு வந்தார், நான் மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன், தாமு அண்ணன் கேட்டின் பக்கத்திலேயே நின்றிருந்தார். மேலே வந்ததும் அமலன் எல்லோருக்கும் கடலைமிட்டாய் கொடுத்தார். அந்த ஆட்கள் கொண்டுவந்ததாம், பழைய நாடக நண்பர்களாம். இருக்கலாம். மிட்டாயை நானும் தின்றேன். ஆனால் அவருக்கு இனிப்பின்மேல் ஏன் இவ்வளவு ஆசை. டீக்கு நாலு ஸ்பூன். இதைப் பற்றி எங்கேயோ படித்திருக்கிறேன், விட்டவர்களுக்கும் இனிப்பு வேண்டியிருக்கும், விடாதவர்களுக்கும் வேண்டியிருக்கும் என்று. அப்படியென்றால் அதைப் படித்து என்ன பயன்.

தண்ணீர் நின்றது. ஆறு நிமிடம். இல்லை, மறுபடி திறந்துவிட்டார். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். ஆம்பூரில் அப்பா ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறார், அம்மா அதே கம்பெனியில் மேல்பாகம் தைக்கிறாள். எந்தக் காகிதம் வந்தாலும் என் கையில் கொடுத்து, படிச்ச பொண்ணு, சரியாப் பாத்துச் சொல்லு என்பார்கள். பதினோரு வயதில் சாதிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல் தப்பாக இருந்ததை நான் பார்க்காமல் விட்டுவிட்டேன். அதைத் திருத்த அப்பா நான்கு நாள் லீவு போட்டுத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றார், என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் அப்போதே மறந்திருப்பேன். அன்றிலிருந்து எதையும் இரண்டு தடவை பார்க்கிறேன். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து பார்க்கிறேன். இந்த வேலை கிடைத்தபோது, இதற்காகத்தான் என்னைக் கடவுள் இப்படிச் செய்தார் போல என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அதுவும் முழுசாக உண்மையில்லை. பார்த்தும் பார்க்காமல் விட்டது ஒன்று இருக்கிறது, அது இனிஷியல் அல்ல. தினகர். கல்லூரியில் மூன்று வருடம் என் பக்கத்துப் பெஞ்சு. மே மாதத்தில் முழுக்கைச் சட்டை. மூக்கைச் சொறிந்துகொண்டே இருப்பான். நான் பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் கண் மூடும், திறக்கும்போது நான் எங்கே விட்டேனோ அங்கேயிருந்து பிடித்துக்கொள்கிற மாதிரி ஒரு சிரிப்பு. எல்லாவற்றையும் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். வெயில் ஒவ்வாமை, தூசி, ராத்திரி வேலைக்குப் போகிறான். நானே காரணம் கண்டுபிடித்து அவன் கையில் கொடுப்பேன், அவன் ஆமாம் என்பான். ஒரே ஒரு தடவை, கடற்கரை ரயில் நிலையத்தில், அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடலாம் என்று வாய் திறந்தேன். செமஸ்டர் முடியட்டும் என்று மூடிக்கொண்டேன். இரண்டு பேப்பர்தான் மிச்சம். இரண்டாவது பேப்பருக்கு அவன் வரவில்லை. அவன் அக்கா போனில் ஏதோ ஊர்ப்பெயர் சொல்லி, அங்கே ஒரு இல்லத்தில் சேர்த்திருக்கிறோம், நீ வந்து பார்த்தால் நல்லது என்றாள். நான் போகவில்லை. அவள் எண்ணை பிளாக் செய்தேன். அவன் உயிரோடு இருக்கிறான் என்று கேள்வி. யாரிடமும் அதைச் சரிபார்க்கவில்லை, எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற நான்.

டேபைத் திறந்தேன். எட்டு நிமிடம். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன், கையை மட்டும் பார்க்கலாம் என்று. கையைப் பார்க்க வந்த கண் முகத்தில் மாட்டிக்கொண்டது. ஐந்தாம் சீனில் அமலன் கன்னம் நிறைந்து இருக்கிறார். எட்டில் சிரிக்கிறார், தாடைக்குக் கீழே சதை. இருபத்தொன்றில் கன்னம் உள்ளே போக ஆரம்பிக்கிறது. முப்பத்தாறில் கழுத்து எலும்பு. நாற்பதில் கண்ணுக்குக் கீழே கறுப்பு, அது மேக்கப் என்று எனக்குத் தெரியும், ஆனால் மணிக்கட்டு மேக்கப் இல்லை, மணிக்கட்டு குச்சி மாதிரி இருக்கிறது. ஐம்பத்திரண்டில் ஆளே இல்லை, சட்டை மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. வேகமாகத் தள்ளினேன், முன்னாலிருந்து பின்னால், மறுபடியும் முன்னாலிருந்து பின்னால். ஒரு மனிதன் என் விரலுக்குக் கீழே கரைந்துகொண்டே போனான். தினம் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, படமாக வரிசையாக வைத்தால்தான் தெரியும். இதோ தெரிகிறது. இதைவிட என்ன வேண்டும். காதுக்குள் வண்டு குடைகிற மாதிரி ஒரு சத்தம். உள்ளே தண்ணீர் நின்று, ‘டிக்’ என்று பிளாஸ்டிக் மாதிரி எதுவோ திறக்கிற ஓசை கேட்டது. எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் மோதியது. கூடத்துக்குப் போனேன்.

பரிதி மானிட்டருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். மானிட்டரில் அமலன் உட்கார வேண்டிய காலி ஸ்டூல்.

“சார், ஒரு நிமிஷம்.”

“பேர் சொல்லுன்னா கேக்கவே மாட்ட. என்ன?”

“அமலண்ணா... மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரோன்னு பயமா இருக்கு சார்.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு விளக்குக்காரரைப் பார்த்தார், அவர் தூரத்தில் இருக்கிறாரா என்று. “யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. இதைப் பாருங்க.” டேபைக் கொடுத்தேன். அவர் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஐந்து, எட்டு, இருபத்தொன்று. பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்று புருவத்தைச் சுருக்கினார்.

“இது என்ன ஆர்டர்?”

“சீன் ஆர்டர் சார். எடிட்டர் நேத்து அப்படி அடுக்கிக் குடுக்கச் சொன்னாரு.”

“ஐம்பத்திரண்டு எப்ப எடுத்தோம்?”

வாயைத் திறந்தேன். “முதல் நாள்.”

“எட்டு?”

“நேத்து.”

“அம்மா தாயே.” அவர் சிரிக்க ஆரம்பித்தார். “அவனை எளைக்க வெச்சு, கடைசி சீனை எல்லாம் மொதல்ல எடுத்துட்டு, அப்புறம் சோறு போட்டுத் தேத்தி முன்னாடி வந்துக்கிட்டு இருக்கோம். ஷெட்யூல் போட்டதே நீதான. கதை கெட்டுப்போறதைப் பாத்துட்டு ஆள் கெட்டுப்போயிட்டான்னு சொல்றியே. பின்னாலேருந்து தள்ளிப் பாரு.”

தள்ளினேன். ஐம்பத்திரண்டிலிருந்து ஐந்துக்கு. சட்டைக்குள் ஒரு ஆள் வந்தார். கழுத்து எலும்பு மூடியது, மணிக்கட்டு தடித்தது, கன்னம் நிறைந்தது, சிரித்தார். வாரத்துக்கு வாரம் ஒருவர் தேறிக்கொண்டு வந்திருக்கிறார், பத்தொன்பது நாளும் என் கண்ணுக்கு எதிரேயே. உலகத்திலேயே இந்தத் தப்பைச் செய்யக் கூடாத ஒரு ஆள் உண்டென்றால் அது நான்தான், இதற்காகவே உட்கார்த்திவைத்திருக்கிற ஆள். முகம் எரிந்தது. தாலுகா ஆபீஸ் வாசலில் அப்பா நிற்கிறார். அப்போதுதான் பரிதியின் சிரிப்பு நின்றது.

“எவ்ளோ நேரமா உள்ள இருக்கான்?”

“பத்து நிமிஷம் இருக்கும்.”

“தண்ணி சத்தம் கேக்குதா?”

“விட்டு விட்டுக் கேட்டுது சார். இப்ப இல்ல.”

அவர் மானிட்டரைப் பார்த்தார், காலி ஸ்டூலை. என்னுடைய சாட்சி பொய்யென்று ஒரு நிமிடத்துக்கு முன்னால் நிரூபித்தவர் அவர்தான், ஆனால் சாட்சி போனதும் சந்தேகம் போகவில்லை, அது என்னை விட்டு இறங்கி அவர்மேல் ஏறிக்கொண்டது, அவ்வளவுதான். தாடையைத் தடவினார்.

“பாரு சுகி. பதினேழாவது சீன்ல பாதி. அப்புறம் மொட்டைமாடில மூணாவது சீன். ரெண்டுதான் மிச்சம். அஞ்சரைக்கு வெளிச்சம் போயிடும். அது முடியட்டும். எதுவா இருந்தாலும் பேக்கப்புக்கு அப்புறம் பேசிக்கலாம்.”

“ஒருவேளை நெசமா இருந்தா...”

“நெசமா இருந்தாலும் பேக்கப்புக்கு அப்புறம்தான். நீ போய் உக்காரு. தட்டாத. தட்டினா மூடு போயிடும்.”

திரும்பி நடைக்கு வந்தேன். இவரைத்தான் நல்லவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் நல்லவர்தான், அதுதான் கஷ்டம். தன் கையிலிருந்த எல்லாவற்றையும் இந்தப் படத்தில் போட்டிருக்கிறார், ரெஜினா என்பது அவருடைய யாரோ ஒருத்தி என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. அமலனை எதற்குத் தேர்ந்தெடுத்தார். நடிப்புக்காகவா. இல்லை, அமலனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதற்காகவா. மூன்றாம் நாள் ஒரு டேக்குக்கு முன்னால் அமலன் தோளைப் பிடித்துக் காதில், அங்க போயிட்டு வா, என்று சொன்னார். எங்கே போய்விட்டு வரச் சொன்னார். போனவர் வந்தாரா என்று யார் பார்த்தார்கள். கட் சொன்னதும் எல்லோரும் கைதட்டினோம், நானும் தட்டினேன், தட்டிவிட்டுக் காலரைப் படம் எடுத்தேன். இரண்டு சீன் மிச்சம். இரண்டு பேப்பர் மிச்சம். அந்தச் சொல்லை நானும் சொல்லியிருக்கிறேன். முடியட்டும் என்கிற சொல். எது முடியட்டும். நல்லவர்கள் எல்லோரும் எதையாவது முடித்துவிட்டு வந்து கேட்கலாம் என்றிருக்கிறார்கள், அதற்குள் கேட்பதற்கு ஆள் இருப்பதில்லை. பன்னிரண்டு நிமிடம். என் கதை தப்பு, படங்களின் வரிசை தப்பு, ஆனால் புள்ளி நகர்ந்தது தப்பில்லை, அது தேதிப்படி சரியாகக் குறித்தது. ஒருவேளை இதுவும் தப்பென்றால், பதினான்கு மாதம் கழித்தும் உன்னை நம்பவில்லை என்று ஒருவர் முகத்தில் சொன்னதாகிவிடும், அதனாலேயே ஒருவர் திரும்பப் போய்விடலாம் என்றும் படித்திருக்கிறேன். படித்தது எல்லாம் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. கேட்டால் உடைந்துவிடுவார், கேட்காவிட்டால் செத்துவிடுவார். உள்ளே சத்தமே இல்லை. சத்தமே இல்லை. கதவு பச்சை பெயிண்ட், கீழே தண்ணீர் பட்டு உப்பியிருக்கிறது. என் விரல் மடங்கி அதைத் தட்டியதை நான் பிறகுதான் கேட்டேன்.

“அண்ணா.”

“ம். ஷாட் ரெடியா சுகி? ரெண்டே நிமிஷம்.”

பேசுகிறார். குழறவில்லை. இத்தோடு போய் உட்கார்ந்துவிடலாம், இதுவே பதில் என்று எடுத்துக்கொள்ளலாம், தினகரிடம் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன்.

“ஷாட்டுக்காக இல்லண்ணா.”

“அப்புறம்?”

“எடுத்துக்கறீங்களா?” என் குரல் சின்னப் பிள்ளையுடையது மாதிரி வந்தது. “மாத்திரை. மறுபடியும் எடுத்துக்கறீங்களா?”

கூடத்தில் யாரோ சுத்தியலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு திறந்தது. அமலன் முழங்கை வரை ஈரமாக நின்றார். இடது முன்கை தேய்த்துத் தேய்த்துச் செக்கச்செவேலென்று இருந்தது. அதில் ஒரே ஒரு புள்ளி. வலது கையில் பேனா இல்லை, புருவம் வரைகிற பென்சில், மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். அதை எடுத்துவிட்டுச் சொன்னார்.

“இல்ல.”

என் கண் அந்தப் பென்சிலிலேயே நின்றது.

“கேட்டியே, பதில் சொல்றேன். இல்ல. இன்னிக்கு இல்ல.” பிறகு கையைப் பார்த்துக்கொண்டார். “குணாளன் நல்லா போடுறான், நெசம் மாதிரி. அதை வெச்சுக்கிட்டு சோத்துல கை வெக்க முடியல என்னால. சோறு எறங்காது. அதான் சாப்புடுறதுக்கு முன்னாடி அழிச்சுட்டு, சாப்ட்டுட்டு நானே போட்டுக்குவேன். இன்னிக்கு நாலு தடவை போட்டு அழிச்சுட்டேன்.”

“ஏன்?”

“கை தானா பழைய எடத்துக்கே போவுது சுகி. எனக்கு இருந்த எடத்துக்கு. குணாளன் போட்ட எடம் ஞாபகமே வர மாட்டேங்குது.”

“என்கிட்ட போட்டோ இருக்கே. கேட்டிருக்கலாம்ல.”

“கேட்டா ஏன் அழிச்சன்னு கேப்ப.”

“இப்ப மட்டும் கேக்கலயா?”

அவர் சிரித்தார். மேல்வரிசையில் ஒரு பல் இல்லாத சிரிப்பு. “இல்லத்துல காலைல எழுந்ததும் பக்கத்துப் பாய்க்காரன் மொகத்தைப் பாத்துக் கேக்கணும். எடுக்கணும்னு இருக்கா, எடுத்தியா, அப்பிடின்னு. நேராக் கேக்கணும். அவன் பொய் சொன்னாலும் பரவால்ல, கேக்கறது கேக்கணும், அதான் அங்க சட்டம். எனக்குப் பக்கத்துல ஒரு லாரி டிரைவரு. பல்லு வெளக்காமக்கூடக் கேப்பான் பேமானி. இங்க பத்தொம்போது நாளா எல்லாரும் பாக்குறீங்க. தாமு என் பையப் பாக்குறாரு. பரிதி கண்ணைப் பாக்குறான். நீ கையைப் பாக்குற. ஒருத்தரும் கேக்கல. நானும் பாத்துக்கிட்டே இருந்தேன், யாராவது கேப்பீங்களான்னு.”

மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது, ஆனால் எதற்கு என்று தெரியவில்லை, கேட்டதற்கா கேட்காததற்கா. டேபைத் திறந்து காலைப் படத்தைக் காட்டினேன். அவர் கையை நீட்டி, “நீயே போட்டுரு, எனக்கு வேணாம்” என்று பென்சிலைக் கொடுத்தார். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு படத்தைப் பார்த்துப் பார்த்து இரண்டு புள்ளி வைத்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோல் சூடாக இருந்தது. வைத்துக்கொண்டே, என்னை நானே அடித்துக்கொள்ள வேண்டும், நிஜப் புள்ளி எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். பழைய தழும்புகள்தான், வெளுத்துப்போய், வரிசையாக. புதியது இல்லை. இந்தக் கையில் இல்லை. வேறு இடங்கள் இருக்கின்றன, கால் விரலிடுக்கு, தொடை. இல்லை என்று சொன்னார். தினகரும் ஆமாம் ஆமாம் என்றுதான் சொல்வான்.

“இன்னியோட முடியுதுல்ல,” என்றார், கையை ஊதிக் காயவைத்துக்கொண்டே. “நாளைலேருந்து வீட்ல ஒத்தையா இருப்பேன். அதான் கொஞ்சம் பயமா இருக்கு.” வேலை தெரிந்த ஒருவர் மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். நான் ஏதாவது சொல்வேன் என்று ஒரு நொடி நின்றார். செய்ய முடியாததைச் சொல்லக் கூடாது என்று, பென்சிலை மட்டும் திருப்பிக் கொடுத்தேன். அவர் கூடத்துக்குப் போனார்.

நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். முகம் கழுவத்தான் என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். குழாயைத் திறந்தேன். தண்ணீர் தரையில் விழுந்தது. முகம் கழுவாமல், ஜன்னல் விளிம்பில் விரலைவிட்டுத் துழாவினேன், தூசியும் ஒரு பழைய பிளேடு உறையும். வாளியைத் தூக்கி அடியில் பார்த்தேன். சோப்புப் பெட்டிக்குக் கீழே, கதவுக்குப் பின்னால் தொங்குகிற துணிப்பைக்குள். நம்புகிறேன், நம்புவதால்தான் பார்க்கிறேன், பார்த்துவிட்டால் முழுசாக நம்பிவிடுவேன். ஃப்ளஷ் தொட்டியின் பீங்கான் மூடியை இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்கினேன். உள்ளே துரு ஏறிய தண்ணீர், ஒரு மிதவை, வேறொன்றுமில்லை. நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒன்றுமில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா, கையோடு எடுத்துப்போயிருந்தால்? எங்கே முடியும் இது. நாளைக்கு இந்த வீடு இருக்காது, தேட ஒரு தொட்டியும் இருக்காது, காசிமேட்டில் ஏதோ ஒரு அறையில் அவர் எழுந்திருப்பார், பக்கத்துப் பாயில் யாரும் இருக்க மாட்டார்கள். எவ்வளவு நேரம் அப்படியே மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றேன் என்று முதல்முறையாக எனக்குத் தெரியவில்லை.

கதவு தட்டப்பட்டது.

“சுகி.” அமலனின் குரல்.

“ஷாட் ரெடியாண்ணா?”

“இல்ல. ரொம்ப நேரமா உள்ள இருக்க. தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு. என்ன ஆச்சு உனக்கு?”

மூடி கையில் கனத்தது, ஈரத்தில் நழுவப் பார்த்தது. சத்தமில்லாமல் வைத்துவிட முடியாது. குழாயை மூடாமலே வைக்கலாம் என்று பார்த்தேன், அதிலும் கேட்டது, பீங்கான்மேல் பீங்கான் உரசுகிற அந்தக் கரகரப்பு. இந்த வீட்டில் வேறு யாருக்கும் அது என்ன சத்தமென்று தெரியாது. ஒளித்துவைத்துப் பழகியவர், அவருக்குத் தெரியும். குழாயை மூடினேன். வெளியே அவர் மூச்சு விடுவது கேட்டது.

“பாத்துட்டல்ல?” என்றார். கோபமாக இல்லை, களைப்பாக. “இருக்கா?”

“இல்ல,” என்றேன்.

“சரி. வெளிய வா.”

தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் இந்தக் கதவைத் திறக்க ஒரு வழியும் இல்லை. திறந்தேன். அவர் வாயெடுப்பதற்குள் நான் கேட்டுவிட்டேன்.

“நாளைக்குக் காலைல எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?”